சென்னையிலிருந்து லண்டனுக்குப் பெரிய பிரைவேட் ஜெட்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

கேள்வி இதுதான். குடும்பத்தில் பெரியவர்களும் பிள்ளைகளுமாக 12 பேர். மகளின் பட்டமளிப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து லண்டன் போய், பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். பணம் இருக்கிறது. வாழ்க்கையில் ஒருமுறை கல்ஃப்ஸ்ட்ரீம் மாதிரி ஒரு பெரிய ஜெட்டை வாடகைக்கு எடுத்துப் போனால் கொடுக்கிற காசுக்குத் தகுமா?

சார்ட்டர், அதாவது விமானத்தை முழுசாக வாடகைக்கு விடும் தொழிலில் ஆபரேஷன்ஸ் பக்கம் வேலை பார்த்தவன் என்ற முறையில் நேராகவே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பயணத்துக்குத் தகாது. பிரைவேட் ஜெட்டே பணக்காரர்களின் வெட்டிச் செலவு என்று நினைக்கிறவன் இல்லை நான். வேறு பாதையில், வேறு வேலைக்கு, ஏறக்குறைய இதே ரகத்து விமானம் நியாயமான செலவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் கணக்குப் போட்டே காட்டுகிறேன். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

சென்னை – லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் இவ்வளவு தூரம் போகிற பிரைவேட் ஜெட்டுகள் கொஞ்சம்தான்: கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650, பொம்பார்டியர் குளோபல் 6000, டசோ ஃபால்கன் 8எக்ஸ் போன்ற பெரிய ரகங்கள். இந்திய சார்ட்டர் சந்தையில் அதிகம் காதில் விழும் எம்ப்ரேயர் லெகசி 650 பார்க்கப் பெரிய விமானம்தான், 13 பேர் உட்காரலாம். ஆனால் அதன் எல்லை 7,200 கிலோமீட்டர் சொச்சம். நடுவில் எங்காவது இறங்கி எரிபொருள் போட்டே ஆக வேண்டும். ஏஜென்ட் "லார்ஜ் ஜெட் சார், சல்லிசா முடிச்சுத் தரேன்" என்றால் முதலில் எந்த மாடல் என்று கேளுங்கள். அந்தச் சல்லிசுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நிறுத்தம் இருக்கும்.

ஜி650 ரகத்துக்கு மணிக்கு 11,000 முதல் 15,000 டாலர் வரை கேட்பார்கள். 13,000 என்று எடுத்துக்கொள்வோம். போக வர 21 மணி நேரப் பறப்பு: 2,73,000 டாலர். இத்தோடு முடியாது. பெரிய ஜெட்டுகள் அநேகமாக மும்பையிலோ டெல்லியிலோதான் நிற்கும். உங்களை ஏற்றச் சென்னைக்குக் காலியாக வந்து, கடைசியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிப் போகும். வெளியூர் டாக்சிக்கு ரிட்டர்ன் காசு கொடுப்பது போலத்தான். தொழிலில் இதை ஃபெர்ரி என்பார்கள். மும்பை – சென்னை இரண்டு தடவைக்கு மூன்றரை மணி நேரம், 45,000 டாலர் அதற்கு. லண்டனில் பத்து நாள் பார்க்கிங், விமானிகளுக்கு ஓட்டல், இரு பக்கமும் ஹேண்ட்லிங் (விமான நிலையத் தரைச் சேவை). பத்து மணி நேரத்துக்கு மேல் பறப்பதால் இரண்டு விமானிகள் போதாமல் மூன்றாவது ஆளும் வருவார். அப்புறம் பிரிட்டனின் பயணி வரி. 20 டன்னுக்கு மேற்பட்ட, 19 பேருக்கும் குறைவாக ஏற்றும் விமானங்களுக்கு அங்கே தனி விகிதம் உண்டு. லண்டனிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பும் ஒவ்வொருவருக்கும் 2026 ஏப்ரல் முதல் அது ஏறக்குறைய 1,100 பவுண்டு. 12 பேருக்கு 13,000 பவுண்டு வரி மட்டுமே.

எல்லாம் சேர்த்தால் மூன்றரை லட்சம் டாலர். ரூபாயில் 3 கோடியே 15 லட்சம். அதுவும் ஆபரேட்டர் தாராள மனசுக்காரராக இருந்தால். பத்து நாள் விமானத்தைச் சும்மா நிறுத்தி வைக்க யாரும் விரும்ப மாட்டார்கள். "ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு பில் போடுவோம்" என்பார்கள், இல்லை விமானத்தைக் காலியாகத் திரும்ப அனுப்பி மறுபடி வரவழைப்பார்கள். அந்த வெற்றுப் பறப்பும் உங்கள் தலையில்தான். வெளிநாட்டு ஆபரேட்டரிடம் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று ஒருவழிப் பயணங்களாகப் பிரித்து எடுப்பதும் உண்டு. விஸ்டாஜெட் மாதிரி உலகம் முழுக்க விமானங்களைச் சுற்றவிடும் கம்பெனிகள் நீங்கள் உள்ளே இருக்கிற நேரத்துக்கு மட்டும் காசு வாங்குவார்கள். ஆனால் அவர்களுடைய மணி நேரக் கட்டணமே அதையெல்லாம் நினைத்துப் போட்டதுதான்.

இப்போது ஏர்லைன் பக்கம் பாருங்கள். சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேரடியாகப் பறக்கிறது. பிசினஸ் கிளாஸ் போக வர ஆளுக்கு 3.5 லட்சம் என்று வைத்தால் 12 பேருக்கு 42 லட்சம். ஜெட்டுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 2 கோடியே 73 லட்சம்.

அதற்கு என்ன கிடைக்கிறது? நேரம் என்பார்கள். ஆனால் ஆகாயத்தில் ஜி650-ம் ஏர்லைன் விமானமும் ஏறக்குறைய ஒரே வேகம்தான், நீண்ட தூரத்துக்கு ஒலியின் வேகத்தில் 85 சதவீதம். பத்தரை மணி நேரம் பத்தரை மணி நேரம்தான். மிச்சமாவது தரையில்: முன்கூட்டியே போய்க் காத்திருப்பது, வரிசை, பெட்டி வரும்வரை நிற்பது. தாராளமாகப் போட்டால் ஒரு வழிக்கு மூன்று மணி நேரம். போக வர ஆறு, 12 பேருக்கு 72 மணி நேரம். கூடுதல் செலவை இதால் வகுத்தால் ஒரு ஆளின் ஒரு மணி நேரத்தை சுமார் 3.8 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள். அதில் பாதிப் பேர் விடுமுறையில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகள்.

நேரத்தை விடுங்கள், சொகுசுக்காகத்தானே என்று கேட்கலாம். இங்கேதான் விளம்பரப் படங்கள் ஏமாற்றுகின்றன. ஜி650-ன் கேபின் அகலம் சுமார் 2.6 மீட்டர், உயரம் 1.96 மீட்டர். உள்ளூரில் பறக்கும் போயிங் 737-ன் உள் அகலமே மூன்றரை மீட்டர் இருக்கும். 13 முதல் 16 நாற்காலிகள் இருப்பதைப் பார்த்து 12 பேர் வசதியாகப் போகலாம் என்று நினைப்பீர்கள். பகலில் போகலாம், இரவில்தான் சிக்கல். எதிரெதிரே இருக்கும் இரண்டு நாற்காலிகளை முழுக்கச் சாய்த்து ஒன்றாக்கி, மேலே மெத்தை விரித்தால் ஒரு படுக்கை. இரண்டு சீட்டுக்கு ஒரு ஆள் என்று கணக்கு. பின்பக்கத்துச் சோபாவில் இன்னொருவர். மொத்தம் ஆறு, மிஞ்சினால் ஏழு பேர் நீட்டிப் படுக்கலாம். 12 பேர் ஏறினால் மீதி ஐந்து பேர் உட்கார்ந்தபடிதான் தூங்க வேண்டும். யார் எங்கே படுப்பது என்ற பேச்சு மஸ்கட் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடும். பயணிகளின் டாய்லெட் பெரும்பாலும் வாலோரம், அதாவது பின் அறையில் தூங்குகிறவர்களைத் தாண்டித்தான் போய் வர வேண்டும். 42 லட்சத்து பிசினஸ் கிளாஸிலோ 12 பேருக்கும் ஆளுக்கொரு படுக்கை.

நல்லதும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஏர்லைன் விமானத்தில் கேபினுக்குள் காற்றழுத்தம் 8,000 அடி மலை உச்சிக்குச் சமமாக இறங்கலாம். புதிய 787, ஏ350 விமானங்களில் 6,000 அடி. ஜி650-ல் இது 5,000 அடிக்குள்ளேயே இருக்கும். வயதானவர்கள் இறங்கும்போது வித்தியாசத்தை உணர்வார்கள். சத்தமும் குறைவு. நினைத்த நேரத்தில் கிளம்பலாம், பாட்டிக்கு முடியவில்லை என்றால் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடலாம் (அனுமதியையும், ஸ்லாட் எனப்படும் ஒதுக்கிய நேரத்தையும் மாற்ற ஓடுகிறவர்கள் எங்களைப் போன்றவர்கள்). சாப்பாடும் உங்கள் இஷ்டம். அதில் மட்டும் ஒரு அனுபவ வார்த்தை: தோசை கேட்காதீர்கள். விமானத்தின் சமையலிடத்தில் இருப்பது ஒரு சின்ன ஓவனும் மைக்ரோவேவும்தான், சூடாக்கிய தோசை தோல் மாதிரி ஆகிவிடும். இட்லி, தயிர்சாதம், புளியோதரை கச்சிதம். எதைக் கேட்டாலும் ஓட்டலில் வாங்கும் விலையைப் போலப் பல மடங்கு பில் வரும்.

சரி, எங்கே தகும்? இன்னொரு பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனியின் எட்டு பேர் குழு, சுரங்கத் தொழிலுக்குக் கருவி விற்கிறவர்கள். சென்னையிலிருந்து ஜாம்பியாவின் லுசாகா, அங்கிருந்து காங்கோவின் லுபும்பாஷி, அப்புறம் தான்சானியாவின் தார் எஸ் சலாம், அப்படியே சென்னை. ஏர்லைனில் போனால் அடிஸ் அபாபாவையோ நைரோபியையோ சுற்றிச் சுற்றி வர வேண்டும், விமானம் இல்லாத நாளில் காத்திருக்க வேண்டும். ஏழு நாள் வேலை. ஜெட்டில் மூன்று நாள். லுசாகாவிலிருந்து லுபும்பாஷி வானத்தில் 430 கிலோமீட்டர்தான். காலையில் ஒரு கூட்டம் முடித்து மதியம் அங்கே இறங்கலாம்.

இதற்கு ஜி650 தேவையில்லை. மிக நீண்ட கட்டம் சென்னை – லுசாகா, 6,500 கிலோமீட்டர். எட்டு பேரோடு லெகசி 650-க்கு எட்டக்கூடிய தூரம், எதிர்காற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 8,000 டாலர், மொத்தம் 18 மணி நேரப் பறப்பு. ஃபெர்ரி, இரவுத் தங்கல், வழியிலுள்ள நாடுகளின் மேல் பறக்க வாங்கும் ஓவர்ஃப்ளைட் அனுமதிகள் எல்லாம் சேர்த்து 1,85,000 டாலர், 1 கோடியே 66 லட்சம் ரூபாய். ஏர்லைனில் ஆளுக்கு மூன்று லட்சம் என்றால் 24 லட்சம். கூடுதல் 1 கோடியே 42 லட்சம். மிச்சமாகும் நாட்கள்: எட்டு பேருக்கு நாலு நாள், 32 ஆள்-நாட்கள். ஒரு ஆளின் ஒரு நாளுக்கு நாலரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. லண்டன் பயணத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்த விலையில் இங்கே கிட்டத்தட்ட ஒரு நாள் கிடைக்கிறது. அந்த எட்டு பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்கள் என்றால் கம்பெனியின் கணக்குப் பிள்ளையே ஒத்துக்கொள்வார். ஒன்று மட்டும்: காங்கோ போய் வருகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இருக்க வேண்டும். இல்லாமல் சென்னையில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். மிச்சம் பிடித்த நாலு நாளும் அதிலேயே போய்விடும். எந்த ஜெட்டில் வந்தீர்கள் என்று சுகாதார அதிகாரி பார்ப்பதில்லை.

ஆக, நேரடி ஏர்லைன் இருக்கும் பாதையில் பெரிய ஜெட் எப்போதுமே தோற்கும். நேரடி விமானம் இல்லாத ஊர்கள், ஒரே பயணத்தில் பல நிறுத்தங்கள், ஒவ்வொருவரின் நாளுக்கும் உண்மையிலேயே விலை இருக்கும் குழு, இவை மூன்றும் சேர்ந்தால்தான் அதற்கு வேலை. உள்நாட்டில் ஒரே நாளில் கோயம்புத்தூர், ஹூப்ளி, நாசிக் என்று சுற்ற வேண்டுமானால் சின்ன ஜெட்டோ புரொப்பெல்லர் வைத்த கிங் ஏர் டர்போபிராப்போ போதும், பெரியது தேவையே இல்லை. உள்நாட்டு சார்ட்டர் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. மும்பைக்கு என்றால் நெரிசல் நேரங்களில் பிரைவேட் விமானங்களுக்கு அங்கே தடை இருப்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விமானம் பெரிதானால் போகக்கூடிய ஊர்களும் குறையும். இது பலருக்குத் தோன்றாத விஷயம். அமெரிக்காவில் பணக்காரர்கள் பனிச்சறுக்கு விளையாடப் போகும் ஆஸ்பென் விமான நிலையத்தில் இறக்கை அகலம் 95 அடிக்கு மேல் இருந்தால் அனுமதி இல்லை. ஜி650-ன் இறக்கை 99 அடிக்கு மேல், அதனால் அது அங்கே இறங்க முடியாது. அதற்கு முந்தைய ஜி550 இறங்கும். நியூயார்க்குக்குப் பக்கத்தில் எல்லாரும் விரும்பும் டெட்டர்பரோவில் ஒரு லட்சம் பவுண்டு எடை வரம்பு, 737-ஐ மாற்றிச் செய்த போயிங் பிசினஸ் ஜெட் அங்கே வரவே முடியாது. இன்னும் பெரிய விமானம் எடுத்தவர் ஊருக்கு வெளியே தூரத்து நிலையத்தில் இறங்கி, மிச்சம் பிடித்த நேரத்தைக் காரில் விடுவதும் நடக்கிறது.

அந்தரங்கம் ஒரு காரணமாகச் சொல்லப்படும். இதில் உண்மை இருக்கிறது. சொகுசுப் பொருள் கம்பெனியான எல்விஎம்ஹெச்சின் தலைவர் பெர்னார் ஆர்னோ, கம்பெனி ஜெட்டை எல்லாரும் இணையத்தில் பின்தொடர்ந்ததால் அதை விற்றுவிட்டதாகவும், வாடகைக்கு எடுத்துப் போவதால் இப்போது தன்னை யாரும் பார்க்க முடிவதில்லை என்றும் 2022-ல் வானொலியில் சொன்னார். நம் குடும்பத்துப் பட்டமளிப்புப் பயணத்தை யாரும் பின்தொடரப் போவதில்லை, உறவினர்களைத் தவிர.

சுற்றுச்சூழல் பற்றியும் ஒரு வரி. ஜி650 மணிக்கு ஏறக்குறைய 1,700 லிட்டர் எரிபொருள் குடிக்கும். லிட்டருக்கு இரண்டரை கிலோ கரியமில வாயு. சென்னை – லண்டன் ஒரு வழிக்கு 45 டன், ஆளுக்கு நாலு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஃபெர்ரி தனி. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, முடிவு உங்களுடையது.

விலையைவிட நான் அதிகம் கவலைப்படுவது சட்டப்படியான விமானமா என்பதைப் பற்றித்தான். உங்களிடம் பேசுகிற ஏஜென்ட் பெரும்பாலும் புரோக்கர், அவரிடம் விமானம் கிடையாது. பணம் கட்டுவதற்கு முன் டெயில் நம்பரையும் (விமானத்தின் பதிவெண்) ஆபரேட்டர் பெயரையும் எழுத்தில் வாங்குங்கள். இந்திய ஆபரேட்டர் என்றால் விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ கொடுத்த நான்-ஷெட்யூல்டு பெர்மிட்டில் (வாடகைக்கு ஓட்டும் அனுமதி) அந்த டெயில் நம்பர் இருக்க வேண்டும். ஆர்கஸ், வைவர்ன் போன்ற அமைப்புகளின் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையைக் கேட்டால் நல்ல ஆபரேட்டர் முகம் சுளிக்க மாட்டார். "நண்பரோட கம்பெனி விமானம், பெட்ரோல் காசு மட்டும் குடுங்க" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வாடகைக்கு ஆள் ஏற்ற அனுமதியில்லாத விமானத்தில் ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கை கழுவிவிடும். கால்பந்து வீரர் எமிலியானோ சாலா 2019 ஜனவரியில் பிரான்ஸிலிருந்து கார்டிஃப் போகும் வழியில் இறந்தது அப்படிப்பட்ட ஏற்பாட்டில்தான். விமானிக்கு வணிக உரிமமே இல்லை. பறப்பை ஏற்பாடு செய்தவருக்கு 2021-ல் 18 மாதச் சிறை கிடைத்தது. அது சின்ன ஒற்றை இன்ஜின் விமானம். பெரிய ஜெட்டிலும் இதே கள்ள வாடகை நடக்கத்தான் செய்கிறது, பளபளப்பு கூடியதால் சந்தேகம் வராது, அவ்வளவுதான்.

கொட்டேஷனிலும் சில வரிகளைத் தேடிப் பாருங்கள். "உரிமையாளர் சம்மதத்துக்கு உட்பட்டது" என்று இருந்தால், விமானத்தின் சொந்தக்காரருக்குத் திடீரென்று தேவைப்பட்டால் உங்கள் பயணம் போச்சு. விமானம் பழுதானால் மாற்று விமானத்துக்கு யார் காசு கொடுப்பது என்று எழுதியிருக்க வேண்டும். வைஃபை இலவசமா, எம்பி கணக்கா? பழைய செயற்கைக்கோள் இணைப்பில் நாலு பிள்ளைகள் வீடியோ பார்த்தால் ஆயிரக்கணக்கான டாலர் பில் வரும். குளிர்காலத்தில் லண்டனில் இறக்கையில் உறைந்த பனியை நீக்கத் தெளிக்கும் திரவம் பெரிய ஜெட்டுக்குச் சில ஆயிரம் டாலர், அது எப்போதும் பயணம் முடிந்த பிறகுதான் பில்லில் ஏறும். எம்ப்டி லெக் என்று, காலியாகத் திரும்பும் விமானத்தில் பாதி விலைக்கு வரும் வாய்ப்புகளை 12 பேர் குடும்பமும் குறித்த தேதியும் வைத்துக்கொண்டு நம்ப வேண்டாம். அந்த விமானத்தை முழு விலைக்கு எடுத்தவர் தேதியை மாற்றினால் உங்களுடையதும் ரத்து.

உங்கள் ஆசையை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. சென்னையிலிருந்து லண்டனுக்கும் திரும்புவதற்கும் பிசினஸ் கிளாஸ் போடுங்கள். பத்து நாளில் நடுவே எங்காவது போகிற எண்ணம் இருந்தால், உதாரணமாக ஜெனீவா, லண்டனுக்கு வெளியே ஃபார்ன்பரோவிலிருந்து ஒரு லெகசி 600-ஐ ஒரு வழிக்கு மட்டும் எடுங்கள். 13 இருக்கை, ஒன்றரை மணி நேரப் பயணம், பகல் வேளை, யாரும் படுக்கப் போவதில்லை. வரியெல்லாம் சேர்த்து 20,000 யூரோவுக்கு முன்பின் ஆகும். ஃபார்ன்பரோவில் ஏர்லைன் விமானங்களே கிடையாது, கார் கிட்டத்தட்ட விமானப் படிக்கட்டு வரை போகும், போட்டோ எடுக்கவும் அதுதான் நல்ல இடம். திரும்புவதற்கு சாதாரண ஏர்லைன் டிக்கெட் போதும். வார நாளாகப் பார்த்துப் போடுங்கள், அங்கே சனி ஞாயிறு பறப்புகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. மூன்று ஆபரேட்டர்களிடம் கொட்டேஷன் வாங்குங்கள். மொத்தத் தொகையைப் பார்ப்பதற்கு முன் விமானம் எந்த ஊரிலிருந்து கிளம்பி வருகிறது என்று பாருங்கள், மூன்று விலைக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.